கல்லடியில் ஒரு கொன்ட்ராக்ட் வகுப்பு: பாடம் நல்லது, போட்டோகொப்பி மோசம்

விமானப் பணியாளர் வேலைக்குப் போக நினைக்கிற பிள்ளைகளுக்காகக் மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் ஒரு தனியார் நிலையம் வார இறுதியில் நடத்துகிற, வேலை ஒப்பந்தத்தை வாசிக்கப் பழக்குகிற வகுப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். தங்கச்சியைச் சேர்க்கப் போனேன், வீட்டாரும் இருக்கலாம் என்றார்கள், நானும் உட்கார்ந்துவிட்டேன். மேக்கப், நடை, இன்டர்வியூ இங்கிலீஷ் எல்லாம் படிப்பிக்க மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரை ஆட்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தைக் கையில் தந்து "இதில் என்ன மாறியிருக்கு, சொல்லுங்க பார்ப்பம்" என்று கேட்கிற இடத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

பாடத்துக்கு எடுத்தது எயார் கனடா விவகாரம். 2025 ஓகஸ்டில் 10,000க்கு மேற்பட்ட கெபின் குரூ, அதாவது விமானப் பணியாளர்கள், வேலைநிறுத்தத்தில் இறங்கி, அரசாங்கம் திரும்பிப் போங்கள் என்று உத்தரவிட்டும் அசையாமல் நின்று, நாலாம் நாள் ஒரு தற்காலிக உடன்பாடு வந்ததே, அதுதான். இங்கே பாதி வீடுகளுக்கு ரொறன்ரோவில் ஒரு சொந்தம் உண்டு, அதனால் செய்தி தெரியாதவர் வகுப்பில் இல்லை. சண்டை எதற்கு என்று கேட்டால் மட்டும் "சம்பளம் கூட்டத்தான்" என்பதோடு எல்லாரும் நின்றுவிட்டோம்.

படிப்பித்த மிஸ் முன்பு கெபின் குரூவாகப் பறந்தவர். சம்பள உயர்வு அச்சடித்த பக்கத்தைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு, மணிக்கணக்கு எங்கே தொடங்குகிறது என்று தேடச் சொன்னார். வட அமெரிக்காவில் காலகாலமாகப் பெரும்பாலும் விமானம் நகரத் தொடங்கினால்தான் குரூவுக்குக் காசு ஓடியது. கொழும்பு பஸ்ஸில் சனத்தை ஏற்றி, பொதிகளை அடுக்கி, சீட்டுச் சண்டையையும் தீர்த்துவைத்த கொண்டக்டருக்குச் சில்லு உருண்ட பிறகுதான் சம்பளம் என்றால் எப்படியிருக்கும், அப்படி. புதிய உடன்பாட்டில் தரையில் செய்கிற வேலைக்கும் காசு வந்தது: சிறிய விமானத்துக்கு 60 நிமிடம், பெரியதற்கு 70 நிமிடம், மணிச்சம்பளத்தில் 50 சதவீதத்தில் தொடக்கம். அதாவது ஒரு மணித்தியாலம் வேலை, அரை மணித்தியாலக் காசு. வகுப்பில் ஒருவர் "பரவாயில்லையே" என்றார், தங்கச்சி "மற்ற அரை எங்க?" என்றாள், அங்கிருந்து அரை நாள் வாக்குவாதம். அதுதான் இந்த வகுப்பின் ருசி.

பிறகுதான் கவிழ்த்த பக்கத்தைத் திருப்பினோம். முதல் வருடம் 5 வருடத்துக்குள் சேவை உள்ளவர்களுக்கு 12 சதவீதம், மூத்தவர்களுக்கு 8. சம்பளப் பகுதியை 99.1 சதவீதம் பேர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். சரி, அப்படியானால் எல்லாம் கிழிந்து போய்விட்டது, திரும்பவும் வேலைநிறுத்தம் என்றுதான் நான் நினைப்பேன், நீங்களும் நினைப்பீர்கள். இல்லை. வாக்குக்கு விட்டதே சம்பளப் பகுதியை மட்டும், மற்ற மாற்றங்கள் எப்படியும் ஒப்பந்தத்தில் ஏறும், சம்பளம் மத்தியஸ்தத்துக்குப் போகும், அதிலும் தீராவிட்டால் நடுவர் சொல்வதே முடிவு, இடையில் வேலைநிறுத்தம் செய்யவும் முடியாது என்று இரு பக்கமும் முதலே ஒப்புக்கொண்டிருந்தார்கள். எதற்கு வாக்குக் கேட்கிறார்கள், வேண்டாம் என்றால் அடுத்தது என்ன என்பதை வாக்குப் போடுமுன் வாசிக்க வேண்டும் என்று மிஸ் அடித்துச் சொன்னார். 2024இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் குரூ தங்கள் புதிய ஒப்பந்தத்துக்கு 87 சதவீதம் ஆம் என்றதையும், அலாஸ்கா எயார்லைன்ஸ் குரூ அந்த வருடம் மறுத்துவிட்டு 2025 பெப்ரவரியில் திருத்திய ஒப்பந்தத்தை ஏற்றதையும் பக்கத்தில் வைத்துக் காட்டியது நல்ல வேலை.

இனிக் குறை. பழைய வரியை வெட்டி, புதிய வரியைச் சிவப்பில் காட்டுகிற மாதிரித் தாளை எங்களுக்குக் கறுப்பு வெள்ளையில் போட்டோகொப்பி அடித்துத் தந்தார்கள்! மாற்றத்தைக் கண்டுபிடி என்றால் எதைக் கண்டுபிடிப்பது, வெட்டிய கோடே பாதி இடத்தில் மங்கிப் போயிருந்தது. 3,500 ரூபாய் வாங்குகிறவர்கள் நாலு கலர்த் தாள் தரலாம். தேத்தண்ணியும் பற்றிஸும் குறையில்லை.

இன்னொன்று, இது பெரிய குறை. வந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரின் கண் டுபாய், அபுதாபியில். அங்கே தொழிற்சங்கமே கிடையாது, சங்கம் எல்லாருக்குமாகப் பேசிப் போடுகிற கூட்டு ஒப்பந்தமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை, கையில் வருவது தனியாள் கொன்ட்ராக்ட். அதற்குக் கடைசியில் கொஞ்ச நேரம்தான் ஒதுக்கினார்கள். இலங்கைச் சட்டமும் அதே ஓட்டத்தில் போனது: வேலையாட்களில் 40 சதவீதம் பேரை அங்கத்தவராகக் கொண்ட சங்கத்தோடு முதலாளி பேச மறுக்கக் கூடாது என்று 1999இல் திருத்தம் வந்ததை மிஸ் சொன்னார், அதற்கு மேல் இல்லை. மணிக்கணக்கு எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி டுபாய்க்கும் உதவும்தான், ஆனால் தங்குமிடம், பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டும் நிபந்தனை, இடையில் விலகினால் என்ன என்பதற்கு இன்னொரு நாள் வேண்டும்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். போகிறவர்கள் காசு கட்டுமுன் தாளின் பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் தருகிறார்கள். அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கமிருந்து வருகிறவர்கள் கடைசி பஸ்ஸையும் பார்த்துக்கொள்ளுங்கள், மிஸ் நேரத்துக்கு முடிக்கிற ஆளில்லை.