எபிக்கா, ஐகானா? யூட்டாவில் பாஸ் வாங்கும் முன் பார்க்கிங்கைப் பாருங்கள்

மார்ச் மாதம் அடுத்த சீசனுக்கான பாஸ் விற்பனை தொடங்கியதுமே அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டி பக்கம் பனிச்சறுக்குப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாருக்கும் ஒரே பேச்சுதான்: எபிக்கா, ஐகானா? இரண்டும் ஒரே பாஸில் பல பனிச்சறுக்கு மலைகளுக்குப் போகவிடும் சீசன் பாஸ்கள். இரண்டு நிறுவனங்களின் பக்கத்தையும் திறந்து வைத்து, எதில் எத்தனை மலை, எந்த நாட்டில் எல்லாம் செல்லும், ஜப்பான் உண்டா, சுவிட்சர்லாந்து உண்டா என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். விடுமுறைக்கு மட்டும் பறந்து வருபவர் அப்படிப் பார்ப்பதில் நியாயம் உண்டு. ஊரிலேயே குடியிருந்து சனிக்கிழமை காலையில் காரை எடுப்பவருக்கு அந்தப் பட்டியலால் பெரிய பயன் இல்லை. அவர் பார்க்க வேண்டியது எந்தச் சாலையில் மாட்டுவோம், போய்ச் சேர்ந்தால் வண்டியை எங்கே விடுவோம் என்ற இரண்டைத்தான்.

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். 2025-26 சீசனுக்கு விற்பனை தொடங்கியபோது முழு எபிக் பாஸ் 1,051 டாலர், கட்டுப்பாடுகளோடு மலிவாக வரும் எபிக் லோக்கல் 783. ஐகான் முழுப் பாஸ் 1,329, அதே மாதிரி மலிவு வகையான ஐகான் பேஸ் 909. கோடை முடிய முடிய இவை ஏறும். கவுண்டரில் ஒருநாள் டிக்கெட் வாங்கினால் பார்க் சிட்டி மலையில் கூட்ட நாட்களில் 300 டாலரைத் தாண்டிவிடுகிறது. ஆகவே ஒரு சீசனில் நாலைந்து நாள் போனாலே பாஸ் லாபம், அதில் விவாதமே இல்லை. எல்லாரும் பாஸ் வாங்கியதுதான் கூட்டத்துக்கும் காரணம். 2021-இல் எபிக் பாஸை விற்கும் வேல் ரிசார்ட்ஸ் நிறுவனம் அதன் விலையை ஒரேயடியாக 20 சதவீதம் குறைத்தது, அந்தச் சீசனுக்கு 21 லட்சம் பாஸ் விற்றது. பணத்தை முன்பே கட்டிவிட்டவர்கள் வானிலை எப்படி இருந்தாலும் வருவார்கள், பனி கொட்டினால் எல்லாரும் ஒரே காலையில் வருவார்கள். மலை அப்படியேதான் இருக்கிறது, பார்க்கிங்கும் அப்படியேதான்.

எபிக் என்றால் யூட்டாவில் ஒரே ஒரு மலைதான், பார்க் சிட்டி. ஆனால் அது சாதாரண மலை இல்லை. 7,300 ஏக்கருக்கு மேல், அமெரிக்காவிலேயே பெரியது என்று சொல்லிக்கொள்ளும் அளவு. 2015-இல் பக்கத்திலிருந்த கேன்யன்ஸ் மலையையும் ஒரு கொண்டோலா (கம்பிவடத்தில் தொங்கிப் போகும் பெட்டிகள்) போட்டு இணைத்த பிறகுதான் இந்த அளவு வந்தது. அதனால் கூட்டம் இருந்தாலும் உள்ளே போனபின் ஓரளவு பரவிவிடும், ஆட்களை மேலே ஏற்றும் அடிவாரத்து லிஃப்டுகளைக் கடக்கும்வரைதான் பாடு.

இந்த மலை வேல் கைக்கு வந்த கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முன்பு இதை நடத்திக்கொண்டிருந்த பவுடர் என்ற நிறுவனம், மேல்பகுதி நிலத்தின் குத்தகையைப் புதுப்பிக்கும் கடிதத்தை 2011-இல் கெடு முடிந்து இரண்டு நாள் கழித்துக் கொடுத்தது. நில உரிமையாளர் விடவில்லை, வழக்கு நடந்தது, குத்தகை வேல் பக்கம் போனது. ஆனால் அடிவாரமும் கார் நிறுத்துமிடங்களும் பவுடருக்கே சொந்தம். மேலே அவ்வளவு பெரிய மலை இருந்து என்ன, வண்டியை விட்டுவிட்டு ஏற வழி இல்லையே! கடைசியில் 2014-இல் 18 கோடியே 25 லட்சம் டாலர் கொடுத்து அந்த அடிவாரத்தை வேல் வாங்கியது. பனிச்சறுக்குத் தொழிலில் பார்க்கிங்கின் மதிப்பு என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தத் தொகையைத்தான் காட்டுவேன்.

அத்தோடு முடியவில்லை. 2022-இல் ஈகிள், சில்வர்லோட் என்ற இரண்டு லிஃப்டுகளை எடுத்துவிட்டு ஆறு பேர், எட்டு பேர் உட்காரும் புதிய லிஃப்டுகள் போட வேல் அனுமதி வாங்கியிருந்தது. ஊர்க்காரர்கள் நான்கு பேர் மேல்முறையீடு செய்தார்கள். லிஃப்ட் பெரிதானால் ஆள் கூடும், அதற்கு ஏற்ற பார்க்கிங் திட்டம் எங்கே என்பது அவர்கள் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. நகரத் திட்டக்குழு அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது, வாங்கி வைத்த லிஃப்டுகளை வேல் கனடாவின் விஸ்லர் பனிச்சறுக்கு மலைக்கு அனுப்பிவிட்டது. அடுத்த குளிர்காலத்திலேயே பார்க் சிட்டியின் முக்கிய அடிவாரத்தில் கட்டணப் பார்க்கிங் வந்தது: காலையில் வந்தால் 25 டாலர், முன்பதிவு கட்டாயம், பிற்பகல் 1 மணிக்குப் பின் வந்தால் இரண்டும் தேவையில்லை, காரில் நான்கு பேர் இருந்தால் இலவசம்.

நான்கு பேர் என்பதில் குழந்தைகளும் சேர்த்தி. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று போகும் குடும்பத்துக்கு ஒரு காசு செலவில்லை, தனியாகப் போகிற பேச்சிலருக்கு ஒவ்வொரு முறையும் கட்டணம். ஆனால் இலவசம் என்றாலும் முன்பதிவு வேண்டும், இடம் திறக்கிற நேரத்தில் உட்கார்ந்து பிடிக்க வேண்டும். தட்கல் எடுத்துப் பழகிய கைகளுக்கு இது ஒன்றும் புதிதில்லை. அது கிடைக்காவிட்டாலும் பார்க் சிட்டியில் ஒரு மாற்று உண்டு. ஊருக்கு வெளியே ரிச்சர்ட்சன் ஃபிளாட்டில், வார இறுதி என்றால் உயர்நிலைப் பள்ளி வளாகத்தில், சும்மா நிறுத்திவிட்டு இலவசப் பஸ்ஸில் ஏறி வந்துவிடலாம். பூட்ஸோடு பஸ்ஸில் நிற்பது சிலருக்குப் பிடிக்காது, சரி, ஆனால் வழி என்று ஒன்று இருக்கிறது. வரும் சாலையும் ஐ-80, அகலமான நெடுஞ்சாலை. பனிப்புயலில் அதிலும் லாரிகள் குறுக்கே நின்று மணிக்கணக்கில் அடைத்துக்கொள்வது உண்டு, என்றாலும் ஐகான் பக்கம் இருக்கிற சாலைகளோடு ஒப்பிட்டால் இது சொர்க்கம்.

எபிக் பக்கம் குறை இல்லாமல் இல்லை. ஒரே மலையை நம்பினால் அந்த மலைக்கு ஒன்று ஆனால் உங்கள் சீசனுக்கும் ஆனதுதான். 2024 டிசம்பர் 27 முதல் ஜனவரி 8 வரை பார்க் சிட்டியின் மீட்புப் பணியாளர்கள் சுமார் 200 பேர் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் இல்லாமல் சரிவுகளைத் திறக்க முடியாது. வருடத்தின் உச்சக் கூட்ட வாரத்தில் மலையின் கொஞ்சம் பகுதிதான் திறந்திருந்தது, லிஃப்ட் வரிசைகளின் படங்கள் நாடு முழுவதும் சுற்றின. ஆரம்பச் சம்பளத்தை மணிக்கு 21 டாலரிலிருந்து 23 ஆக்கு என்பதுதான் முக்கியக் கோரிக்கை. கவுண்டரில் ஒரு டிக்கெட்டுக்கு வாங்கும் காசைப் பார்த்தால் எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. பிறகு அந்த நாட்களில் வந்தவர்களுக்கு அடுத்த சீசன் பாஸில் தள்ளுபடி கொடுத்துச் சமாளித்தார்கள்.

இனி ஐகான். பட்டியலைப் பார்த்தால் இதுதான் ஜெயிக்கிறது: சாலிட்யூட், பிரைட்டன், ஆல்டா, ஸ்னோபேர்டு, டீர் வேலி, வடக்கே ஸ்னோபேசின். ஆனால் சின்ன எழுத்தைப் படியுங்கள். வரம்பே இல்லாமல் போகக்கூடியது சாலிட்யூட் ஒன்றுதான், மற்றவை பொதுவாக முழுப் பாஸில் தலா 7 நாள் என்ற கணக்கில் வரும். பேஸ் பாஸில் நாட்கள் குறையும், கிறிஸ்துமஸ் போன்ற விடுமுறை நாட்களில் செல்லாது, ஆல்டா, டீர் வேலி போன்ற சில மலைகள் அதில் கிடையவே கிடையாது. ஆல்டாவுக்காக ஐகான் வாங்குகிறேன் என்று பேஸ் எடுத்துவிட்டு முழிப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். ஸ்னோபோர்டு, அதாவது ஒற்றைப் பலகையில் நின்று சறுக்குவது, ஓட்டுபவர்களுக்கு ஆல்டாவிலும் டீர் வேலியிலும் அனுமதியே இல்லை என்பதால் அவர்கள் பட்டியலில் இன்னும் இரண்டைக் கழித்துக்கொள்ளலாம்.

பனி என்று பார்த்தால் ஐகான் பக்கத்துக்கு ஈடு இல்லை. 2022-23 குளிர்காலத்தில் ஆல்டாவில் 903 அங்குலம் விழுந்தது, கிட்டத்தட்ட 23 மீட்டர். ஆனால் அந்தப் பனியே சாலையையும் மூடும். ஆல்டாவும் ஸ்னோபேர்டும் இருக்கும் லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்குக்கு ஒரே சாலை, அதுவும் முட்டுச்சாலை, அதன் மேல் 64 பனிச்சரிவுப் பாதைகள் இறங்குகின்றன. இரவில் நன்றாகக் கொட்டினால் விடியற்காலையில் சாலையை மூடி, வெடி வைத்து (பல பத்தாண்டுகள் ராணுவப் பீரங்கியால்கூடச் சுட்டிருக்கிறார்கள்), பனியைத் தாங்களே சரியவிட்ட பிறகுதான் திறப்பார்கள். ஆபத்து அதிகமானால் மேலே இருப்பவர்கள் கட்டடத்தை விட்டு வெளியே கால் வைக்கக்கூடாது என்று உத்தரவே வரும். சாலை திறக்கக் காத்திருக்கும் கார்களின் சிவப்பு விளக்கு வரிசை கீழே ஊருக்குள் குடியிருப்புத் தெருக்கள் வரை நீளும். அதற்கு உள்ளூரில் செல்லப்பெயரே உண்டு, சிவப்புப் பாம்பு. புதுப்பனி அன்று ஆறரைக்குக் கிளம்பினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பார்க்கிங் கட்டணத்தை யூட்டாவில் முதலில் கொண்டுவந்தது பக்கத்துப் பள்ளத்தாக்கான பிக் காட்டன்வுட்டில் இருக்கும் சாலிட்யூட். 2019-20-இல் ஒருவரோ இருவரோ வந்தால் 20 டாலர், மூவருக்கு 10, நான்கும் அதற்கு மேலும் என்றால் 5. அப்போது ஊரே கொதித்தது, மலைக்குப் போய்க் காரை நிறுத்தக் காசா என்று. பிறகு ஒவ்வொன்றாக இரண்டு காட்டன்வுட் பள்ளத்தாக்குகளின் மற்ற மலைகளும் அந்த வழிக்கே வந்தன. ஆல்டா 2021-22 முதல் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் காலை நேரத்துக்கு முன்பதிவும் 25 டாலரும் என்றது. அந்த மலையின் சொந்த சீசன் பாஸ் வைத்திருப்பவருக்கு முன்பதிவு இலவசம், ஐகான்காரர் காசு கட்ட வேண்டும். பிரைட்டனும் பின்னாலேயே முன்பதிவுக்கு வந்தது. ஸ்னோபேர்டில் காசு கட்டி முன்பதிவு செய்யும் இடங்களும் முந்தி வருபவர் பிடிக்கும் இடங்களும் கலந்து இருக்கின்றன. தொகையும் விதியும் வருடாவருடம் மாறுகின்றன, நவம்பரில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் போனால் என்ன? போகலாம், பள்ளத்தாக்கு வாயிலில் வண்டியை விட்டுவிட்டு ஏறலாம். ஆனால் பஸ்ஸுக்கென்று தனிப் பாதை இல்லை, காரோடு காராக அதுவும் நிற்கும். 2022-23-இல் ஓட்டுநர் பற்றாக்குறை என்று ஒரு தடத்தையே நிறுத்தினார்கள், மற்றவற்றில் பஸ்களைக் குறைத்தார்கள். கீழே இருக்கும் நிறுத்துமிடங்களும் கூட்ட நாளில் நிரம்பிவிடும். இதற்கெல்லாம் தீர்வு என்று மாநிலப் போக்குவரத்துத் துறை 2023-இல் லிட்டில் காட்டன்வுட்டுக்கு 8 மைல் நீள கொண்டோலா திட்டத்தைத் தேர்ந்தெடுத்தது, மதிப்பீடு 72 கோடியே 90 லட்சம் டாலர். உடனே வழக்குகள். அது வரும் என்று நம்பி யாரும் பாஸ் வாங்க வேண்டாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். மேலே சொன்ன 2025-26 விலையில் ஐகான் முழுப் பாஸுக்கும் எபிக் முழுப் பாஸுக்கும் வித்தியாசம் 278 டாலர். தனியாகப் போய் ஒவ்வொரு முறையும் 25 டாலர் கட்டினால் 11 முறையில் அந்தத் தொகை கிட்டத்தட்டக் கரைந்துவிடும். ஆக எபிக் மலிவு என்று நினைத்துத் தனியாக முக்கிய அடிவாரத்திலேயே நிறுத்துபவர், காரில் நால்வராக ஐகான் மலைகளுக்குப் போகிறவரைவிடக் கடைசியில் அதிகம் செலவழித்திருக்கலாம். அதே எபிக் லோக்கலை எடுத்துக்கொண்டு பள்ளி வளாகத்தில் நிறுத்திப் பஸ்ஸில் வந்தால், இந்தப் பக்கம் அதைவிடச் சிக்கனமான பெரிய மலை கிடையாது. விடுமுறை நாட்களில் லோக்கல் செல்லாது, ஆனால் அந்த நாட்களில் அங்கே போய் என்ன செய்யப் போகிறீர்கள், வரிசையில் நிற்கவா?

அதிகம் பேர் யோசிக்காத மூன்றாவது வழி, ஒரே மலையின் சொந்த சீசன் பாஸ். கேட்கும்போது குறுகியதாகத் தெரியும், ஆனால் பார்க்கிங்கில் முன்னுரிமை இவர்களுக்குத்தான், காட்டன்வுட் மலைகளின் சொந்தப் பாஸ்களில் பஸ் பயணமும் சேர்ந்தே வருகிறது. வார இறுதியில் ஆல்டா மட்டும் போதும் என்பவர் ஐகானை விட்டுவிட்டு இதைப் பார்க்கலாம். கூட்டமே வேண்டாம் என்றால் வடக்கே லோகன் பக்கம் பீவர் மவுண்டன் இருக்கிறது, 1939 முதல் ஒரே குடும்பம் நடத்துகிறது. சிறியது, தூரம். அதனால்தான் அமைதி.

என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். வாரநாளில் லீவு போட முடிகிறவர், வீட்டிலிருந்து வேலை செய்து மதியம் நழுவ முடிகிறவர், கண்ணை மூடிக்கொண்டு ஐகான் முழுப் பாஸ் எடுங்கள். திங்கள் முதல் வியாழன் வரை ஆல்டாவில் முன்பதிவுத் தொல்லை இல்லை, பிரைட்டனில் மாலை போய் விளக்கு வெளிச்சத்தில் சறுக்கலாம், கூட்டம் இறங்கும்போது நீங்கள் ஏறுவீர்கள். சனி, ஞாயிறு மட்டுமே கிடைக்கும், வீட்டில் சின்னப் பிள்ளைகள், பனிச்சாலையில் ஓட்டிப் பழக்கமில்லை என்றால் எபிக் லோக்கல். பனி கொஞ்சம் குறைவுதான், ஆனால் ஒன்பது மணிக்குக் கிளம்பினாலும் போய்ச் சேர்வீர்கள். காட்டன்வுட்டில் மோசமான நாட்களில் பனி டயரோ சங்கிலியோ இல்லாத வண்டியைப் போலீஸே திருப்பி அனுப்பிவிடும், ஐகான் எடுப்பவர் பட்ஜெட்டில் நான்கு டயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முழு ஐகானும் முழு எபிக்கும் இரண்டையும் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் ஆலோசனை தேவையில்லை. மற்றவர்கள் வசந்த காலத்து விலையிலேயே முடித்துவிடுங்கள். பனி விழட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தால் டிசம்பர் தொடக்கத்தில் எபிக் விற்பனையையே மூடிவிடுவார்கள், அப்புறம் கவுண்டர் விலைதான்.