கண்ணாடி ஏறவில்லை: போத்தோங் சாமானா, புதுசா, கைப்பிடியா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் பழைய காரின் பவர் விண்டோ பாதியில் நின்றுவிட்டால் ஆளுக்கொரு யோசனை வரும். போமன் (பட்டறை மெக்கானிக்), "செட்டோடு புதுசா மாத்திடுங்க" என்பார். மாமா ஒருவர், "ஈப்போ பக்கம் போத்தோங் கடைக்குப் போய்யா, பாதிக் காசுகூட ஆகாது" என்பார்; போத்தோங் என்றால் பழைய காரிலிருந்து கழற்றிய சாமான். தோட்டத்தில் லோரி ஓட்டியவர், "கையால சுத்துற கைப்பிடி போட்டுடு, தொல்லையே இல்ல" என்பார். மூன்று பேர் சொல்வதும் சரிதான். ஆனால் ஒரே கதவுக்கு இல்லை.

நான் விலையைப் பிறகுதான் பார்ப்பேன். முதலில் எந்தக் கதவு என்று பார்க்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கண்ணாடி டோலில் டச் அண்ட் கோ கார்டைத் தட்ட, காவலாளியிடம் பேச, கார் பார்க் சீட்டை எடுக்க என்று நாள் முழுக்க ஏறி இறங்குகிறது. பின் கதவுக் கண்ணாடியைத் தைப்பூசத்துக்குப் போகிற வழியில் பிள்ளைகள் இறக்கினால்தான் உண்டு. இரண்டுக்கும் ஒரே மாதிரி செலவு செய்வது வீண்.

அடுத்தது காதுக்கு வேலை. பட்டனை அழுத்தும்போது கதவுக்குள் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டு, கண்ணாடி மட்டும் அசையாவிட்டால் ரெகுலேட்டரில், அதாவது கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பில், கேபிள் அறுந்திருக்கும், அல்லது கண்ணாடியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் துண்டு உடைந்திருக்கும். சத்தமே இல்லை என்றால் பியூஸ், சுவிட்ச், கதவு மடங்கும் இடத்து ரப்பர் குழாய்க்குள் ஓடும் வயர் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் மோட்டார்மேல் பழி போடலாம். நாலு கண்ணாடியும் ஒன்றாகப் படுத்துவிட்டால் கதவைக் கழற்றவே வேண்டாம்; பியூஸும் ஓட்டுநர் பக்க மெயின் சுவிட்சும் போதும். முக்கி முனகி மெதுவாக ஏறுகிறதா? கண்ணாடி ஓடும் ரப்பர் காய்ந்திருக்கும். செம்மண் தூசியைத் துடைத்து சிலிகான் ஸ்பிரே அடித்துப் பாருங்கள். கிரீஸ் வேண்டாம், அது ரப்பரை உப்ப வைக்கும், தூசியையும் கூட்டும். இந்த ஒரு வேலையிலேயே சரியாகிவிடும் கண்ணாடிகள் நிறைய.

சரி, ரெகுலேட்டர்தான் போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. இப்போதுதான் உண்மையான போட்டி.

போத்தோங் சாமானின் பெரிய பலம், அது கார் கம்பெனி போட்ட அசல். போல்ட் துளை அச்சாகப் பொருந்தும், கண்ணாடி சாய்ந்து ஏறாது. 1993-இல் வந்த புரோட்டான் வீரா கார் மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டது. அந்த மாதிரி வண்டிகளுக்கு லான்சர் பக்கமும் தேடலாம், அதனால் கிடைக்கிற இடமும் கூடுதல். பலவீனம் வயதுதான். உங்கள் காரில் வெயிலில் வெந்து உடைந்த அதே பிளாஸ்டிக், அதே வயதில், அங்கே இன்னும் உடையாமல் இருக்கிறது, அவ்வளவே. அதனால் கடையிலேயே சோதிக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரியில் இரண்டு வயரையும் வைத்து ஓட்டச் சொல்லுங்கள். பிறகு வயரை மாற்றி வைத்தால் எதிர்த் திசையில் ஓட வேண்டும். கப்பி வளைவில் கேபிளை உற்றுப் பாருங்கள்; ஒரு இழை முடி மாதிரி பிரிந்து நின்றாலும் வேண்டாம். இடமா வலமா, முன்னா பின்னா என்று கேட்டு வாங்குங்கள். திரும்பப் போக எண்ணெய்க் காசு தண்டம்.

புதிய மாற்று ரெகுலேட்டரில் கேபிளும் பிளாஸ்டிக்கும் புதுசு. ஆனால் மலிவானவற்றில் துளை கொஞ்சம் தள்ளியிருக்கலாம், போல்ட்டை இறுக்கினால் கண்ணாடி கோணலாகப் போகும். நல்ல கடைக்காரர் மாற்றிக் கொடுப்பார், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரோடும் கிடைக்கும், மோட்டார் இல்லாமலும் கிடைக்கும். பழைய மோட்டார் உறுதியாகச் சுற்றுகிறது என்றால் அதையே மாற்றிப் பூட்டலாம். ஓட்டுநர் கதவுக்கு நான் இதைத்தான் எடுப்பேன். பின் கதவுக்கு போத்தோங்.

கைப்பிடி யோசனையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் மாடலிலேயே கைப்பிடி வைத்த குறைந்த விலை வகை வந்திருந்தால் அதன் ரெகுலேட்டர் பொருந்தும். கதவின் உள்பக்கத்தை மூடும் அட்டையும் சேர்த்து வாங்க வேண்டும். செம்பனைத் தோட்டத்துக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு நல்ல முடிவு. குடும்பக் காருக்கு வேண்டாம், ஓட்டுநர் இருக்கையிலிருந்து மற்றக் கதவுக் கண்ணாடிகளை மூட முடியாது. நம் ஊர் மழையோ சொல்லிக்கொண்டு வராது.

எதை வாங்கினாலும் பொருத்துகிறவரிடம் இரண்டு விஷயம் சொல்லி வையுங்கள். கதவு அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துப் போட்டுவிடக் கூடாது. அது போனால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிக் கால் விரிப்பு நாறும். கதவின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளையும் குத்தித் திறந்துவிடச் சொல்லுங்கள். தோட்டத்துச் சாலை மண் அதை அடைத்தால் தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கி, புது ரெகுலேட்டரும் துருப்பிடிக்கும்.

நீங்களே செய்வதாக இருந்தால் போல்ட்டைக் கழற்றும் முன் கண்ணாடியை மேலே ஏற்றி டேப்பால் கதவுச் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது கதவுக்குள் விழும். கத்தரிக்கோல் மாதிரி மடங்கி விரியும் ரெகுலேட்டரில் சுருள்வில் இருந்தால் மோட்டாரைக் கழற்றியதும் அதன் இரும்புக் கை சட்டென்று பாயும், விரல் பத்திரம். அட்டை கிளிப் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வையுங்கள். பழைய கிளிப் கழற்றும்போதே உடையும்.