பதின்பருவத்தினருக்கான புதிய நூல்கள்: ஒரு பொது நூலக அலமாரியைப் பற்றி

எங்கள் பொது நூலகத்தில் பதின்பருவ வாசகர்களுக்கென்று ‘புதிய வரவுகள்’ அலமாரி ஒன்றைத் தனியாக அமைத்திருக்கிறார்கள் என்று அறிந்ததும், 14 வயதான என் அக்காள் மகளை அழைத்துக்கொண்டு சென்றேன். ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு ஒரு நூலகச் சேவையை எடைபோடுவது நியாயமாகாது என்பதால், நான்கு மாதங்களில் ஒன்பது முறை சென்று, 11 நூல்களை இரவல் பெற்று, அவற்றை இருவரும் படித்து முடித்த பிறகே இதை எழுதுகிறேன். நூல்களைத் தேர்ந்தெடுத்தவர் இந்த வயதினரை நன்கு அறிந்தவர் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ‘புதியவை’ என்ற தகுதியை இழந்த மறுநாள் அந்த நூல்கள் எங்கே போகின்றன என்பதில்தான் பெரிய மனக்குறை இருக்கிறது.

அலமாரி நிற்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறேன். பொதுவாக இந்த வயதினருக்கான நூல்களைக் குழந்தைகள் பகுதியின் கடைசி வரிசையில் வைத்துவிடுவார்கள். படப்புத்தகங்களையும் குட்டி நாற்காலிகளையும் கடந்து அங்கே போக 15 வயதுப் பிள்ளை கூசும். பெரியவர்கள் பகுதியில் வைத்தாலோ ஆயிரக்கணக்கான நூல்களுக்கு நடுவே அவை கரைந்துபோகும். இங்கே இரண்டுக்கும் இடையில், சன்னலை ஒட்டி, நூலகரின் மேசையிலிருந்து நேராகப் பார்வை படாத மூலையில் ஆறு தட்டுகள் கொண்ட அலமாரியை நிறுத்தியிருக்கிறார்கள். மேலிரண்டு தட்டுகளில் நூல்கள் முன்னட்டை தெரியும்படி சாய்த்து வைக்கப்பட்டுள்ளன. இன்ன நூல்தான் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வரும் வாசகர்கள் இவ்வயதில் குறைவு; அட்டையைப் பார்த்து, பின்னட்டைக் குறிப்பைப் படித்து, நடுவில் ஒரு பக்கத்தைப் புரட்டித்தான் எடுக்கிறார்கள். என் அக்காள் மகள் முதல் நாளன்று அலமாரியின் முன் நின்றபடியே ஒரு வரைகதையில் முப்பது பக்கம் படித்துவிட்டு, அதன் பிறகே உட்கார இடம் தேடினாள்.

பதின்பருவம் என்று ஒரே சொல்லில் அடக்கினாலும் 13 வயது வாசகருக்கும் 17 வயது வாசகருக்கும் இடையே வெகுதூரம் உண்டு. நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான இஃப்லா, இளையோர் சேவைக்கு 12 முதல் 18 வயது வரை என்ற வரம்பைப் பரிந்துரைக்கிறது. அந்த ஆறு ஆண்டுகளுக்குள் ஒரு பிள்ளையின் உடல், நட்பு, கேள்விகள் எல்லாமே மாறிவிடுகின்றன. இந்த நூலகம் அதை உணர்ந்து, நூலின் முதுகில் இளைய வாசகருக்குப் பச்சைப் பொட்டும் மூத்த வாசகருக்கு நீலப் பொட்டும் ஒட்டியிருக்கிறது. எனினும் எந்தப் பொட்டுள்ள நூலையும் எவரும் எடுக்கலாம். இந்தத் தாராளம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிள்ளைகள் தங்களைவிட ஓரிரண்டு வயது மூத்த பாத்திரங்களைப் பற்றிப் படிக்கவே ஆசைப்படுவார்கள் என்பது நூலகர்கள் நன்கறிந்த செய்தி. பொட்டு வழிகாட்டினால் போதும், தடுப்புச் சுவராக நிற்க வேண்டியதில்லை.

நாவல்களின் தேர்வுதான் இந்த அலமாரியின் உயிர். நவீனப் பதின்பருவ இலக்கியத்துக்கு வழிவகுத்த நூல்களுள் ஒன்றாகக் கருதப்படும் ‘தி அவுட்சைடர்ஸ்’ 1967-இல் வெளிவந்தபோது அதை எழுதிய எஸ். இ. ஹிண்டனுக்கு வயது 18. பள்ளியில் படிக்கும்போதே எழுதியது அது. அந்தப் பருவத்தை அதன் உள்ளிருந்தே, அதன் குரலிலேயே சொல்லும் வழக்கம் அன்றுமுதல் வலுப்பெற்றது. நான் எடுத்த ஏழு நாவல்களில் ஐந்து, தன்மையில் சொல்லப்பட்டவை. அவற்றுள் கவிதை நடையில் எழுதப்பட்ட ஒரு நாவலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உயிர்த்தோழி ஒரு நாள் திடீரென்று பேசுவதை நிறுத்திவிடுகிறாள், காரணம் சொல்லப்படுவதில்லை, கதை அவ்வளவுதான். கதாநாயகி தோழிக்கு அனுப்ப நினைக்கும் செய்தியை அலைபேசியில் தட்டித் தட்டி அழிக்கும் இடத்தில், முதல் பக்கத்தில் ஒன்பது வரிகள் இருக்கின்றன, அடுத்ததில் நான்கு, அதற்கடுத்ததில் தோழியின் பெயர் மட்டும், கடைசிப் பக்கம் வெற்றுத்தாள். அந்த வெற்றுத்தாளில் விரலை வைத்தபடி என் அக்காள் மகள் வெகுநேரம் பேசாமல் இருந்தாள். எழுத்து குறைவாகவும் இடைவெளி நிறைவாகவும் இருக்கும் இத்தகைய நூல்கள், தடித்த புத்தகத்தைக் கண்டாலே ஒதுங்கும் பிள்ளைகளையும் கடைசிப் பக்கம்வரை கூட்டிச்செல்லும். கதையின் கனம் மட்டும் எள்ளளவும் குறைவதில்லை.

ஏமாற்றம் தந்த நூல்களும் உண்டு. சாகசக் கதை என்ற பெயரில் வந்த ஒன்றில் ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு தாத்தா தோன்றி அறிவுரை வழங்குகிறார். மூன்றாவது அத்தியாயத்திலேயே அவர் எப்போது வருவார் என்று எங்களால் சொல்ல முடிந்தது. இந்த வயதினர் அறிவுரையை நெடுந்தொலைவிலிருந்தே முகர்ந்துவிடுவார்கள் என்பதை அந்த எழுத்தாளர் அறிந்திருக்கவில்லை.

கட்டுரை நூல்களில் அறிவியல், விளையாட்டு, நிரலாக்கம் ஆகியவை குறைவின்றி உள்ளன. நான் நின்று பார்த்தது உடலையும் மனத்தையும் பற்றிய நூல்களைத்தான். பூப்புக் காலத்தில் உடலில் ஏற்படும் மாற்றங்கள், பதற்றம், உறக்கமின்மை, துயரத்தைக் கடத்தல் போன்ற பொருள்களில் எட்டு நூல்கள் நாவல்களோடு கலந்தே அடுக்கப்பட்டிருக்கின்றன. இது கவனமின்மையால் நேர்ந்ததோ என்று முதலில் நினைத்தேன்; கேட்டபோது, வேண்டுமென்றே செய்தது என்று நூலகர் விளக்கினார். ‘உடல்நலம்’ என்று பெயர்ப்பலகை மாட்டிய தட்டின் முன் 13 வயதுச் சிறுவன் நிற்க மாட்டான். நாவல்களைத் துழாவுவதுபோல் நின்று அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வான். அவற்றுள் ஒரு நூலை எடுத்துப் பின்பக்கத்துத் தேதிச் சீட்டைப் பார்த்தேன். ஒரு முத்திரைகூட இல்லை. ஆனால் நூலின் நடுப்பகுதி தையலை விட்டுத் தளர்ந்திருந்தது. நாற்பது பக்க அளவுக்குத் தாள்களின் மூலைகள் சுருண்டு, ஓரங்கள் விரல்பட்டு மங்கியிருந்தன. வீட்டுக்கு எடுத்துச்செல்லத் துணியாத பல கைகள் அதை அங்கேயே படித்துவிட்டு வைத்திருக்கின்றன. இரவல் கணக்கை மட்டும் நம்பி, யாரும் எடுக்காத நூல் என்று இதைக் கழித்துக்கட்டினால் அது பெரும் பிழையாகும். மேசைகளின்மேல் விட்டுச்செல்லப்படும் நூல்களையும் எண்ணிப் பதிவுசெய்யும் வழக்கம் பல நூலகங்களில் இருக்கிறது. இந்த அலமாரிக்கு அந்தக் கணக்கு கட்டாயம் தேவை.

வரைகதைகளும் ஜப்பானிய மங்காக்களும் இரண்டு தட்டுகளை நிறைத்திருக்கின்றன. இவற்றைப் படிப்பது படிப்பாகுமா என்று கேட்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையில் சொல்லாமல் விடப்பட்டதை வாசகரே இட்டு நிரப்ப வேண்டியிருப்பதால், நான் அதைக் கடுமையான படிப்பு என்றே சொல்வேன். இந்தத் தட்டுகளில் இரண்டு குறைகள் கண்ணில் பட்டன. மங்கா வலமிருந்து இடமாகப் படிக்கப்படுவது. நமக்குப் பின்னட்டையாகத் தோன்றுவதே அதன் முன்னட்டை. தேதிச் சீட்டு ஒட்டியவர் இதை அறியாமல், கடைசிப் பக்கம் என்று நினைத்துக் கதையின் முதல் பக்கத்திலேயே ஒட்டிவிட்டதால், நான்கு நூல்களில் தொடக்கப் படம் சீட்டுக்கடியில் மறைந்துகிடக்கிறது. இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. ஒரு தொடரின் இரண்டு, மூன்று, ஐந்தாம் பாகங்கள் இருக்கின்றன. முதல் பாகம் வாங்கப்படவே இல்லை. தொடர்கதைகளைப் பொறுத்தவரை, பத்துத் தொடர்களில் துண்டு துண்டாக வாங்குவதைவிட மூன்று தொடர்களை முழுமையாக வாங்குவது மேல்.

இனி, தொடக்கத்தில் சொன்ன மனக்குறைக்கு வருகிறேன். ஒரு நூல் இந்த அலமாரியில் மூன்று மாதங்கள் இருக்கும். அதன் பிறகு ‘புதிய வரவு’ ஒட்டுச்சீட்டோடு வண்ணப் பொட்டையும் உரித்துவிட்டு, நூலைப் பொதுப் பகுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையையே இந்த நூலகமும் பின்பற்றுகிறது. அந்த முறை ஒரு நூலின் பொருள் என்ன என்று கேட்குமே தவிர, அதைப் படிக்கப்போகிறவரின் வயது என்ன என்று கேட்காது. ஆகவே, உடல் மாற்றங்களைப் பற்றி எளிய நடையில் எழுதப்பட்ட நூல் 612 என்ற எண்ணைத் தாங்கி, மருத்துவ மாணவர்கள் புரட்டும் உடலியங்கியல் நூல்களுக்கு நடுவே போய் நிற்கிறது. நாவல்கள் ஆசிரியர் பெயரின் வரிசைப்படி பெரியவர்கள் பகுதியில் சிதறிவிடுகின்றன. நாங்கள் முன்பு படித்த ஒரு நூலைத் தோழிக்குக் காட்டுவதற்காக என் அக்காள் மகள் நாற்பது நிமிடம் தேடினாள். கணினிப் பட்டியலோ, அது இன்னமும் ‘புதிய வரவுகள்’ அலமாரியில் இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தது.

நூலக அறிவியலுக்கு எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்தளித்த ஐந்து விதிகளுள் ‘ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்’ என்பது மூன்றாவது. ‘வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும்’ என்பது நான்காவது. முதல் மூன்று மாதங்கள் இந்த அலமாரி இரண்டு விதிகளையும் அழகாகக் காப்பாற்றுகிறது. நான்காவது மாதத்தில் இரண்டையும் ஒருசேரக் கைவிடுகிறது. இன்று 12 வயதாகும் பிள்ளைக்கு, சென்ற ஆண்டு வந்த நூலும் புதிய நூலே. பொட்டை உரிக்காமல் விட்டுவிடுவதற்குச் செலவு ஏதுமில்லை. பட்டியலில் இருப்பிடத்தை மாற்றுவது சில நிமிட வேலை. பக்கத்துச் சுவரை ஒட்டி இன்னோர் அலமாரியை நிரந்தரமாக வைத்து, புதியவை பழையதாகும்போது அங்கே நகர்த்திவிட்டால் இந்தக் குறை அடியோடு தீர்ந்துவிடும். அந்தச் சுவரை ஒட்டி இப்போது வெறும் இடம்தான் கிடக்கிறது.

மற்றவை சுருக்கமாக. ஒரே நேரத்தில் மூன்று நூல்கள் எடுக்கலாம். இரவல் காலம் 14 நாட்கள். வேறொருவர் முன்பதிவு செய்யாதிருந்தால் ஒருமுறை நீட்டித்துக்கொள்ளலாம். 400 பக்க நாவலுக்குத் தேர்வுக் காலத்தில் இது போதாது. அட்டையைத் தானே வருடி நூலை எடுத்துச்செல்லும் இயந்திரம் இருப்பது, எடுக்கும் நூலைப் பிறர் பார்ப்பதை விரும்பாத பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. ஒலி நூல்கள் ஐந்தாறுதான் இருக்கின்றன. பார்வைக் குறைபாடோ எழுத்து வாசிப்பில் சிரமமோ உள்ள பிள்ளைகளை எண்ணி இவற்றைக் கூட்ட வேண்டும்.

அலமாரியின் பக்கவாட்டில் ஒரு நீளமான ஏடு கயிற்றில் தொங்குகிறது. வேண்டிய நூல்களை வாசகர்கள் அதில் எழுதுகிறார்கள். நூலகர் ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில் பதில் எழுதுகிறார். ‘வாங்கக் கேட்டிருக்கிறோம்’, ‘அடுத்த மாதம் வரும்’, ‘பதிப்பில் இல்லை, அதே ஆசிரியரின் வேறொன்றைத் தரட்டுமா?’ என்று ஒரு வரியில், ஆனால் ஒருவரையும் விட்டுவிடாமல் எழுதியிருக்கிறார். இல்லாத அந்த முதல் பாகத்தைக் கேட்டு மூன்று வெவ்வேறு கையெழுத்துகள் இருந்தன. கடைசியாகச் சென்ற நாளில், பக்கத்தின் அடியில் உருண்டை எழுத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: ‘சன்னல் பக்கம் இருந்த கவிதை நாவல் எங்கே? பாதிதான் படித்தேன்.’ அதற்கு இன்னும் சிவப்பு மை விழவில்லை. என் அக்காள் மகள் பேனாவை எடுத்து அதன் கீழே எழுதினாள்: ‘பெரியவர்கள் பகுதி, கவிதை வரிசை, கீழிருந்து இரண்டாவது தட்டு.’