ஒற்றைப் புரவலரா, பலரின் சிறு தொகையா?

ஒரு தொழில்முயற்சிக்கோ பொதுக்காரியத்துக்கோ ஆதரவு தேடுபவர், யாரிடமிருந்து எவ்வளவு கிடைக்கும் என்பதையே முதலில் கணக்கிடுகிறார். கொடுப்பவர் பின்னர் எதைக் கேட்கலாம், அவர் பாதியில் விலகினால் என்ன மிஞ்சும் என்பவற்றையே முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

ஒற்றைப் புரவலரின் வலிமையும் ஆபத்தும் ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திர வரலாற்றில் ஒருங்கே தெரிகின்றன. அவருக்கு முதலில் கைகொடுத்த தொழிலதிபர் ஜான் ரோபக், தம் நிலக்கரிச் சுரங்கத்தில் புகுந்த நீரை இறைக்க நல்ல இயந்திரம் தேவைப்பட்டதால், வாட்டின் கடன்களை ஏற்றுக்கொண்டு, 1769-இல் பெற்ற காப்புரிமையில் மூன்றில் இரண்டு பங்கைத் தமதாக்கிக்கொண்டார். அவருடைய அக்கறை உண்மையானதே. ஆயினும் 1773-இல் அவரே நொடித்துப்போனார். காப்புரிமையின் பெரும்பகுதி கடன்காரர்களின் கணக்குக்குள் போயிற்று. தமக்கு வரவேண்டிய கடனுக்கு ஈடாக அந்தப் பங்கைப் பெற்றுக்கொண்டவர் பர்மிங்காமின் மேத்யூ போல்டன். அவர் முதல் போட்டதோடு நிற்காமல், தம் சோஹோ ஆலையின் தேர்ந்த கைவினைஞர்களையும் வாட்டுக்குத் துணையாக்கினார். எஞ்சியிருந்த காப்புரிமைக் காலத்துக்குள் போட்ட முதலை எடுக்க முடியாது என்பதை உணர்ந்து, நாடாளுமன்றத்தில் ஆதரவு திரட்டவும் துணைநின்றார். 1775-இல் வந்த தனிச்சட்டம் அந்த உரிமையை 1800 வரை நீட்டித்தது. பணத்தால் மட்டும் கிடைத்திருக்க முடியாத பலன் இது. ஆனால் அதே சட்டம் ஜோனதன் ஹார்ன்புளோவர் போன்ற போட்டியாளர்களின் வழியை அடைத்தது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். அரசியல் ஆதரவின் விலையைப் பெரும்பாலும் மூன்றாம் மனிதரே செலுத்துகிறார்.

இதற்கு எதிர்நிலையில், சுதந்திரதேவி சிலையின் பீடம் பலருடைய சிறு தொகைகளால் எழுந்தது. அதற்கென 50,000 டாலர் ஒதுக்கும் மசோதாவை நியூயார்க் ஆளுநர் குரோவர் கிளீவ்லேண்ட் 1884-இல் நிராகரித்தார். மறு ஆண்டு ஜோசப் புலிட்சர், எவ்வளவு சிறிய தொகையானாலும் கொடுத்தவரின் பெயரைத் தம் நாளிதழில் அச்சிடுவதாக அறிவித்து நிதி கேட்டார். ஆகஸ்ட் மாதத்துக்குள் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிச் சேர்ந்த அத்தொகையில், ஒரு டாலருக்கும் குறைவாகக் கொடுத்தவர்களே மிகுதி. அவர்களில் எவர் பின்வாங்கியிருந்தாலும் பணி நின்றிருக்காது. பீடத்தின் வடிவத்தை மாற்றச் சொல்லும் உரிமையும் எவருக்கும் இல்லை. பொதுக்காரியத்துக்கு இதைவிட உறுதியான அடித்தளம் கிடைப்பது அரிது.

இதே முறை லாபம் தரும் தொழிலுக்கு அப்படியே பொருந்துவதில்லை. 2012-இல், பலரிடம் சிறு தொகை திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தின் வழியே சுமார் 9,500 பேர், ஆக்குலஸ் நிறுவனத்தின் தலையில் அணியும் மெய்நிகர் காட்சிக் கருவிக்கு 24 லட்சம் டாலருக்கும் மேல் அளித்தனர். 2014-இல் ஃபேஸ்புக் அந்நிறுவனத்தைச் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது, அந்த விலையில் அவர்களுக்கு ஒரு காசும் உரிமையில்லை; அவர்கள் பெற்ற வாக்குறுதி பொருளுக்கானது, பங்குக்கானது அன்று. சட்டப்படி குறையில்லை என்றாலும், தொடக்கத்தில் நம்பியவர்களில் பலர் கொண்ட மனக்கசப்பு நியாயமானதே. போல்டன் இட்ட முதலுக்கு உரிமையும் இருந்தது, பொறுப்பும் இருந்தது. இவர்களுக்கு இரண்டும் இல்லை.

ஆகவே பொதுக்காரியமானால் பலரிடம் கையேந்துவதையும், தொழிலானால் போல்டனைப் போன்ற ஒரு பங்காளியையுமே நான் தேர்ந்தெடுப்பேன். அந்தப் பங்காளியின் சொந்தக் கடன்களை விசாரித்த பிறகே கையெழுத்திடுவேன். தொழிலுக்கும் பலரிடம்தான் திரட்ட வேண்டியிருந்தால், தருவது நன்கொடையா, முன்பதிவா, பங்கா என்பதைப் பணம் வாங்கும் முன்பே எழுத்தில் தெரிவித்துவிடுவது கொடுப்பவருக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.