நாற்பத்தொன்பது வயதில் நான்கு வழி: சேமிப்பு, படிப்பு, கடை, கார்

போன டிசம்பரில் எங்கள் பிரிவில் ஆறு பேரை ஆட்குறைப்பு செய்தார்கள். அதில் நான் இல்லை. ஆனாலும் அன்று மாலை சிங்கப்பூரின் ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தபோது கால் பின்னியது. சாப்பிட்டு முடித்து தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள்: "ஏங்க, அடுத்தது நீங்களா இருந்தா என்ன பண்ணுவோம்?"

பதில் என்னிடம் இல்லை. பையனின் பழைய நோட்டு ஒன்றில் எழுதாத பக்கங்கள் இருந்தன. பன்னிரண்டு மாத வங்கி அறிக்கையை எடுத்துவைத்து இருவரும் உட்கார்ந்தோம். கணக்குப் போடாமல் வழியை ஒப்பிடுவது, விலை கேட்காமல் தேக்கா சந்தையில் மீன் பொறுக்குவது மாதிரி.

தீபாவளிச் செலவு, ஊருக்குப் போக டிக்கெட், பாலிடெக்னிக்கில் படிக்கும் பையனின் கட்டணம் எல்லாவற்றையும் பன்னிரண்டால் வகுத்துச் சேர்த்தால் மாதம் 3,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இதை எழுதி அடிக்கோடும் போட்ட பிறகுதான் வீட்டுக் கடன் ஞாபகம் வந்தது. மாதத் தவணை 800 வெள்ளி, மத்திய சேம நிதி (சிபிஎஃப்) என்ற கட்டாயச் சேமிப்பின் சாதாரணக் கணக்கிலிருந்து தானாகப் போகிறது. கையில் வாங்கிக் கொடுக்காத பணம் என்பதால் அது செலவாகவே மனதில் பதியவில்லை. சம்பளம் நின்றால் சாதாரணக் கணக்குக்கு வரவும் நின்றுவிடும், தவணை நிற்காது. உங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்றால் முதல் பக்கத்திலேயே இதை எழுதிவிடுங்கள்.

என் சம்பளம் 5,000. சிபிஎஃபுக்கு ஊழியர் பங்கு 20 விழுக்காடு போகக் கையில் 4,000. மனைவி பாலர் பள்ளியில் பகுதிநேர உதவியாளர், அவள் கைக்கு 1,800. வங்கியிலும் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரங்களிலுமாக இதுவரை சேர்த்தது 200,000. இந்த எண்களை வைத்துத்தான் நான்கு வழிகளையும் பார்த்தோம். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், போடும் முறை இதுவேதான்.

முதல் வழி, இருக்கும் வேலையை விடாமல் பிடித்துக்கொண்டு, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்து, 55இல் இருவரும் நின்றுவிடுவது. "ஃபயர்" என்று இளைஞர்கள் பேசிக்கொள்வது இதைத்தான். அவர்கள் எல்லோரும் சொல்லும் 4 விழுக்காட்டுக் கணக்கு, 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் போட்டது. அமெரிக்கப் பங்குகள், கடன்பத்திரங்களின் பழைய விவரங்களை வைத்து, முதலாண்டில் சேமிப்பில் 4 விழுக்காடு எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப ஏற்றிக்கொண்டே போனால் முப்பது ஆண்டு தாங்கும் என்றார். எங்கள் செலவு ஆண்டுக்கு 42,000. அதை 0.04ஆல் வகுத்தால் 1,050,000 வெள்ளி. மனைவி பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

ஆனால் அந்தக் கணக்கில் சிபிஎஃப் லைஃப் என்ற ஆயுள்கால மாதத் தொகை கிடையாது, அது நம் ஊர்ச் சங்கதி. 2026இல் 55 வயதாகிறவருக்கு முழு ஓய்வுக்காலத் தொகை 220,400 வெள்ளி. அதை ஒதுக்கி வைத்தவருக்கு 65இலிருந்து உயிருள்ளவரை மாதம் சுமார் 1,700 வெள்ளி வரும். மனைவிக்கு அதில் பாதிகூட வராது, 800 என்று வைத்தோம். ஆக 65க்குப் பிறகு பற்றாக்குறை மாதம் ஆயிரம்தான். அதே 4 விழுக்காட்டுக் கணக்கில் அதற்கு 300,000 போதும். 55 முதல் 65 வரையிலான பத்து வருடம்தான் ஆற்றைத் தாண்டுகிற பாலம், அதற்கு 420,000. மொத்தம் 720,000. பத்து லட்சத்திலிருந்து ஏழு லட்சத்துக்கு வந்ததில் மனைவி பேனாவை மறுபடியும் திறந்தாள்.

இருந்தாலும் எட்டவில்லை. மாதம் 2,000 வீதம் ஆறு வருடம் சேர்த்து, வட்டியையும் தாராளமாகப் போட்டாலும் நான்கு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். வருமான வரி அதிகம் கட்டுகிறவர்கள் துணை ஓய்வூதியத் திட்டத்தில் ஆண்டுக்கு 15,300 வரை போட்டு வரியைக் குறைக்கலாம். எனக்கு வரியே சொற்பம், அதனால் அது பெரிதாக உதவாது. அப்புறம் இந்த வழி முழுக்க ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: இன்னும் ஆறு வருடம் என்னை வேலையில் வைத்திருப்பார்கள் என்பது. டிசம்பருக்குப் பிறகு அதை நான் நம்பவில்லை.

இரண்டாவது வழி, படித்து வேறு தொழிலுக்கு மாறுவது. இதைத்தான் நீளமாகச் சொல்ல வேண்டும்.

40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற பயிற்சிக் கட்டணக் கணக்கில் 4,000 வெள்ளி போட்டார்கள். பல பயிற்சிகளுக்குக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கழிவும் உண்டு. முழுநேரமாகப் படித்தால், அதற்கென்று தேர்ந்தெடுத்த பயிற்சிகளுக்கு மட்டும், முந்தைய சராசரிச் சம்பளத்தில் பாதி படித்தொகையாகக் கிடைக்கும். மாதம் 3,000 வெள்ளிதான் உச்சம், வாழ்நாளில் மொத்தம் 24 மாதம். "தேர்ந்தெடுத்த" என்ற சொல்லில் கண் வையுங்கள். வாட்ஸ்அப்பில் வருகிற விளம்பரமெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்காது. 2016இல் தந்த பழைய 500 வெள்ளியை நான் அப்படி ஓர் இரண்டு நாள் வகுப்பில் கரைத்தேன். சான்றிதழ் அலமாரியில் கரப்பான்பூச்சி மருந்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

ஓர் ஆண்டு படிப்புக்கு எனக்கு 2,500 வரும். மனைவியின் 1,800 சேர்த்தால் 4,300. செலவு 3,500. பட்டினி இல்லை, சரி. இதைக் கேட்டுத்தான் பலரும் குதித்துவிடுகிறார்கள். ஆனால் படித்தொகைக்குச் சிபிஎஃப் கிடையாது. 5,000 சம்பளத்துக்கு முதலாளி பங்கு 17, என் பங்கு 20 என்று மாதம் 1,850 வெள்ளி போய்க்கொண்டிருந்தது. ஓராண்டில் 22,200. கையில் வருவதில் குறைவது 18,000தான். கண்ணுக்குத் தெரிகிற இழப்பைவிடத் தெரியாத இழப்பு பெரிது.

அதனால்தான் எனக்குத் தொழில்மாற்றுத் திட்டம் பிடிக்கிறது. அதில் முதலில் ஒரு நிறுவனம் உங்களை வேலைக்கு எடுக்கும். சம்பளத்தோடு பயிற்சி. 40 வயதோ அதற்கு மேலோ என்றால் சம்பளத்தில் 90 விழுக்காடு வரை, ஒரு வரம்புக்கு உட்பட்டு, அரசு ஏற்கும். சிபிஎஃப் விட்டுப்போகாது. பாலர் கல்வி, சுகாதாரம், சமூக சேவை போன்ற துறைகளில் இது நடக்கிறது. சிக்கல் என்னவென்றால், உங்களை எடுத்துக்கொள்ளும் முதலாளியை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். முப்பது வயது மேலாளர் எதிரே உட்கார்ந்து "ஏன் இப்போ மாறணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்கும்போது மிடுக்கோடு பதில் சொல்லப் பழக வேண்டும். முழுநேரப் படிப்பில் வகுப்பறை உங்களை ஏற்றுக்கொள்ளும். இதில் ஒரு மனிதர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மாறிய பிறகு சம்பளம் 3,600 என்று வைத்தோம். கையில் 2,880. மனைவியின் வருமானத்தோடு 4,680, செலவு போக மிச்சமும் உண்டு. சேமித்த 200,000ஐத் தொடவே வேண்டாம். விலைவாசி போக ஆண்டுக்கு 3 விழுக்காடு வளர்ந்தால், பதினைந்து வருடத்தில் சுமார் 311,000. 65இல் எங்களுக்குத் தேவை 300,000!

நான் இரண்டு தடவை சரிபார்த்தேன். கையில் 2,880 வெள்ளி வருகிற ஒரு சாதாரண வேலை, 720,000 என்ற மலையை ஏற்கெனவே ஏறி முடித்த குன்றாக ஆக்கிவிடுகிறது. மாதம் ஆயிரம் வெள்ளி சம்பாத்தியம் என்பது 4 விழுக்காட்டுக் கணக்கில் 300,000 முதலுக்குச் சமம். "சீக்கிரம் நின்றுவிட வேண்டும்" என்கிற பேச்சில் இது அடிபட்டுப் போகிறது. நின்றுவிடுவதை விட, பிடித்த வேலையைக் குறைந்த சம்பளத்தில் நீளமாகச் செய்வது மலிவு. சட்டமும் அந்தப் பக்கம்தான்: 2026 ஜூலை 1 முதல் ஓய்வு வயது 64, மறுவேலைவாய்ப்பு வயது 69.

ஒரு ஓட்டையும் சொல்லிவிடுகிறேன். ஐம்பதைத் தாண்டினால் சாதாரணக் கணக்குக்குப் போகும் பங்கு சம்பளத்தில் 19இலிருந்து 15 விழுக்காடாக இறங்குகிறது. 3,600 சம்பளத்துக்கு அது 540 வெள்ளி. தவணை 800. மாதம் 260 வெள்ளி பழைய இருப்பிலிருந்து போகும். எங்களுக்குக் கடன் ஐந்து வருடத்தில் முடிகிறது, 15,600 தாங்கும். பதினைந்து வருடக் கடன் பாக்கி உள்ளவர்களுக்கு இந்த வழி வேறு மாதிரி தெரியும்.

மூன்றாவது, கடை. பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், உணவங்காடி நிலையம் ஒன்றில் நான்கு வருடமாகக் கடை வைத்திருக்கிறார். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அவரோடு ஒரு நாள் நின்று பார்க்கப் போனேன். காலை நாலரை மணி. ஷட்டர் பாதி திறந்திருந்தது. பத்து கிலோ வெங்காயம், ஒரே கத்தி. முதல் இரண்டு கிலோவில் எனக்குக் கண்ணீர், நான்காவதில் மணிக்கட்டு வலி. ஏழு மணிக்கு வரிசை, பத்தரைக்குள் பரோட்டா மாவு தீர்ந்தது. மூன்று மணிக்கு அவர் முதன்முறையாக உட்கார்ந்தார். கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின் மேல்.

"கூட்டம் நல்லாத்தானே இருக்கு அண்ணே?" என்றேன். அவர் நோட்டை நீட்டினார். வாடகை, தட்டு கழுவும் கட்டணம், கேஸ், உதவியாள் சம்பளம், மாவு, எண்ணெய். "கூட்டத்தைப் பாக்காதே தம்பி, இதப் பாரு," என்று ஒரு பத்தியில் விரல் வைத்தார். தலைப்பு "எனக்கு". போன வருடத்தின் பன்னிரண்டு கட்டங்களில் ஐந்து காலி.

அரசு உணவங்காடிக் கடைகள் ஏலத்தில் போகின்றன. குறைந்தபட்ச ஏலத்தொகை என்று ஒன்றை 2012இலேயே எடுத்துவிட்டார்கள், அதனால் கேட்பாரற்ற இடத்தில் மலிவாகக் கிடைக்கும். 2024இல் மரின் பரேடில் ஒரு கடையைப் பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் மாத வாடகைக்கு ஏலம் கேட்டவரும் உண்டு. புதியவர்களுக்குச் சாமான் பொருத்திய கடையைச் சலுகை வாடகையில் தரும் பயிற்சித் திட்டமும் இருக்கிறது. போவதென்றால் அந்த வாசல் வழியாகப் போங்கள். ஆனால் சுயதொழில் செய்பவருக்குக் கட்டாயம் மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான சிபிஎஃப் கணக்கு) மட்டும்தான், அதுவும் ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால். மற்ற கணக்குகளுக்கு நீங்களாகப் போட்டால்தான் உண்டு. அண்ணன் நான்கு வருடத்தில் ஒரு தடவை போட்டிருக்கிறார். அவருடைய 65 வயது சிபிஎஃப் லைஃப் தொகை என் கணக்கில் இருக்கும் 1,700ஆக இராது. அவருக்கு அது தெரியும். "எவனுக்கும் சலாம் போடல இல்ல" என்றார். அதற்கு ஒரு விலை போட என் நோட்டில் இடம் இல்லை.

கார் ஓட்டுவது பற்றிச் சுருக்கமாக. தனியார் வாடகைக் கார் உரிமம் புதிதாக எடுக்க 30 வயது நிறைந்த சிங்கப்பூரராக இருக்க வேண்டும். சீக்கிரம் பணம் வேண்டும் என்ற நிலையில் இந்த நான்கில் இதைவிட வேகமான வழி இல்லை. 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த தள ஊழியர் சட்டம் (செயலித் தளங்கள் வழியாக ஓட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும்), 1995 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குக் கூடுதல் சிபிஎஃப் பங்களிப்பைக் கட்டாயமாக்கியது. எங்கள் வயதுக்காரர்கள் விரும்பினால் சேரலாம். ஓட்டுவதென்றால் சேர்ந்துவிடுங்கள், தளம் தன் பங்கைப் போடும். ஆனால் ஓட்டுகிற நேரத்துக்குத்தான் காசு. முதுகு பிடித்தால் அன்றைக்குக் கார் வாடகை மட்டும் ஓடும். இரண்டு வேலைகளுக்கு இடைப்பட்ட ஆறு மாதத்துக்கு நல்லது, பதினைந்து வருடத்துக்கு நான் துணிய மாட்டேன்.

எந்த வழியில் போனாலும் கம்பெனியின் குழு மருத்துவக் காப்புறுதி கைவிட்டுப் போகலாம். 41 முதல் 70 வயது வரை, தனியார் கூடுதல் காப்புறுதிக்கு மெடிசேவிலிருந்து ஆண்டுக்கு 600 வெள்ளிதான் எடுக்க முடியும். அதோடு சேர்த்து எடுக்கும் துணைத் திட்டத்துக்குப் பைசாகூட முடியாது, ரொக்கம்தான். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு என்று பெயர் ஏறுவதற்கு முன்னால் சொந்தக் காப்புறுதி எடுத்திருப்பது நல்லது. நான் பத்து வருடம் தள்ளிப்போட்டேன், இப்போது கொலஸ்ட்ராலுக்குக் காப்பு இல்லை என்று விலக்கு எழுதியிருக்கிறார்கள்.

இப்போதைக்கு நோட்டில் இரண்டாவது வழிக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டிருக்கிறது, முதியோர் பராமரிப்புத் துறையில் இரண்டு நேர்காணல்களுக்கு மனுப் போட்டிருக்கிறேன். மூன்றாவதை முழுக்க அடிக்கவில்லை, மாதம் ஒரு சனிக்கிழமை வெங்காயம் நறுக்கப் போகிறேன். பையன் தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவச் சேவை) போனதும் அவன் அறையை 900 வெள்ளிக்கு வாடகைக்கு விடலாம், அது 270,000 முதலுக்குச் சமம் என்று மனைவியிடம் கணக்குக் காட்டினேன்.

"வெள்ளி சனி வீட்டுக்கு வர்ற பிள்ளை எங்கே படுப்பான்?" என்று கேட்டுவிட்டு அந்த வரியை அவளே அடித்தாள்.