பச்சத் தண்ணிக்கு 1,750 ரூபாய்: பழைய வண்டி வெச்சிருக்கவங்க ஒர்க்‌ஷாப் போறதுக்கு முன்னாடி இத படிங்க

போன மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, ஆழியார்ல இருந்து வால்பாறை ஏறுற ரோட்ல, 15வது கொண்டை ஊசி வளைவு தாண்டி ஒரு ஓரமா, வீட்டம்மா, ரெண்டு பசங்க, மாமியாரோட மூணே முக்கால் மணி நேரம் நின்னேங்க. சுத்தி குரங்கு, பானெட்டுக்குள்ள இருந்து புகை, போன்ல டவர் இல்ல. அதுக்கு சரியா ஏழு வாரம் முன்னாடிதான் திருப்பூர்ல 13,600 ரூபாய் கொடுத்து கூலிங் சிஸ்டம் முழுக்க "புதுசா" பண்ணிட்டு வந்தேன்.

வண்டி 2011 மாடல் டீசல், அப்போ ஓடியிருந்தது 1,94,000 கி.மீ. எந்த கம்பெனின்னு கேக்காதீங்க, தப்பு வண்டி மேல இல்ல, பத்து வருஷத்துக்கு மேல ஒரு தடவ கூட ரோட்ல நிறுத்தினதில்ல. ஒர்க்‌ஷாப் பேரும் போடல, விஷயம் இப்போ நுகர்வோர் கோர்ட்டுக்கு போகுது, வக்கீல் போட வேண்டாம்னுட்டார்.

மார்ச்லயே ஆரம்பிச்சது. அவிநாசி ரோடு டிராஃபிக்ல நின்னா டெம்பரேச்சர் முள்ளு பாதிய தாண்டி மேல போகும், ஓட ஆரம்பிச்சா இறங்கிடும். ரிசர்வ் டேங்க்ல கூலன்ட் பத்து நாளைக்கு ஒருக்கா மினிமம் கோட்டுக்கு கீழ போகுது. சரி வயசான வண்டிதானேன்னு வீட்டுக்கு பக்கத்துல புதுசா வந்த ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்ல விட்டேன். ஏசி வெயிட்டிங் ரூம், காபி மெஷின், சிசிடிவி எல்லாம் இருந்துச்சு, அதுலயே பாதி மயங்கிட்டேன்.

ஓனர் நல்லாதான் பேசினார். "சார், ரேடியேட்டர் பிளாஸ்டிக் டேங்க்ல மயிரிழை விரிசல் இருக்கு, உள்ள உப்பு வேற அடைச்சிருக்கு, வாட்டர் பம்ப் கசியுது, தெர்மோஸ்டாட் முழுசா திறக்கல." (தெர்மோஸ்டாட்னா, இன்ஜின் சூடாகற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம பிடிச்சு வெக்கற வால்வு.) இதுல கொடுமை என்னன்னா, அவர் சொன்னது அத்தனையும் கரெக்ட். பின்னாடி பொள்ளாச்சில திறந்து பாத்தப்போ ஒண்ணு கூட பொய் இல்ல. நோயை சரியா கண்டுபிடிச்சு, அதுக்கு மருந்துன்னு பில்லும் போட்டு, மருந்து மட்டும் கொடுக்கல.

பில் (பில்லுன்னு சொல்றது தப்பு, எஸ்டிமேட்னு அச்சடிச்ச மஞ்ச சீட்டு, ஜிஎஸ்டி நம்பர் கிடையாது): ரேடியேட்டர் ரீகண்டிஷன் 4,500, வாட்டர் பம்ப் 3,800, தெர்மோஸ்டாட் 950, கூலன்ட் அஞ்சு லிட்டர் 1,750, லேபர் 2,600. வண்டிய எடுத்துட்டு வந்த அன்னைக்கு முள்ளு பாதிக்கும் கீழ நின்னுச்சு, ரயில்வே கேட்ல இருபது நிமிஷம் ஏசியோட நின்னும் அசையல. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், ஆபீஸ்ல நாலு பேருக்கு அந்த ஒர்க்‌ஷாப்ப சிபாரிசு வேற பண்ணேன், அவங்க இப்போ என்ன முறைக்கறாங்க.

உண்மைய சொன்னா அந்த ஏழு வாரத்துல மூணு விஷயம் கண்ணுக்கு முன்னாடியே இருந்துச்சு. காலைல இன்ஜின் சூடாக ரொம்ப நேரம் ஆச்சு, பத்து கி.மீ. ஓட்டினாலும் முள்ளு அடிலயே படுத்திருக்கும். லிட்டருக்கு 19 கொடுத்தது 16க்கு வந்துருச்சு. ரேடியேட்டர் ஃபேன் சாவி போட்டதும் ஓட ஆரம்பிச்சு நிக்கவே நிக்காது. போன் பண்ணி கேட்டேன். "ஏசி போட்டு ஓட்டறீங்க சார், மைலேஜ் அப்படித்தான் இருக்கும், ஃபேன் ஓடறது நல்லதுதானே"ன்னார். நானும் ஆமான்னு வெச்சுட்டேன்.

இப்போ மலைக்கு வரேன். 9வது வளைவுல லோம்ஸ் வியூ பாயிண்ட்ல நிறுத்தி டேம பாத்து போட்டோ எடுத்துட்டு கிளம்பற வரைக்கும் முள்ளு பாதில இருந்துச்சு. அஞ்சு பேரு, லக்கேஜ், ஏசி, ரெண்டாவது கியர். 12 தாண்டினதும் முக்காலுக்கு போச்சு. ஏசிய ஆஃப் பண்ணேன். அடுத்த வளைவுல சிவப்ப தொடற மாதிரி வந்துட்டு, திடீர்னு சர்ருனு இறங்கி அடில போய் நின்னுருச்சு. "அப்பாடா, இறங்கிருச்சு"ன்னு வாய்விட்டு சொன்னேங்க. அந்த அப்பாடாதான் எனக்கு ஹெட் கேஸ்கெட்ட (இன்ஜினோட மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவுல தண்ணி, ஆயில் கசியாம அடைக்கற தகடு) காலி பண்ணுச்சு.

முள்ளு காட்டறது இன்ஜினோட சூட்ட இல்ல, சென்சார் முங்கியிருக்கற தண்ணியோட சூட்ட. தண்ணி மொத்தமா வெளிய போயிட்டா சென்சார் காத்துல தொங்கும், அதனால முள்ளு கீழ வந்துரும், இன்ஜின் உள்ள வெந்துட்டு இருக்கும். மலை ஏறும்போது ஒரு இன்ஜின் திடீர்னு குளிர்றதுக்கு காரணமே கிடையாது, இது அன்னைக்கு எனக்கு தோணல. அந்த நிலமைலயே இன்னும் ரெண்டு வளைவு ஏத்தினேன், இழுவை குறைஞ்சுது, டக டகன்னு ஒரு சத்தம், அப்புறம் புகை.

இறங்கி ரேடியேட்டர் மூடிய திறக்க துணியோட கைய வெச்சுட்டேன். மேல இருந்து வந்த எஸ்டேட் ஜீப் டிரைவர் ஒருத்தர் வண்டிய நிறுத்தி கத்தினார், "அண்ணா தொடாதீங்க, மூஞ்சி போயிரும்!" அந்த மூடி உள்ள பிரஷர பிடிச்சு வெச்சிருக்கு, அதனாலதான் தண்ணி 100 டிகிரில கொதிக்காம தாங்குது, சூட்டுல திறந்தா அத்தனையும் ஆவியா மேல பீச்சும். அந்த தம்பி பேரு கூட கேக்கல, எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும். அவர்தான் கீழ செக்போஸ்ட்ல சொல்லி டோ வண்டி அனுப்பி வெச்சார், 4,000 ரூபாய், பொள்ளாச்சி வரைக்கும்.

பொள்ளாச்சில ஒரு பழைய செட்டு. அறுபது வயசுக்கு மேல இருக்கும் அந்த மெக்கானிக்குக்கு. அடுத்த நாள் காலைல என்ன பக்கத்துல நிக்க வெச்சுத்தான் ஒவ்வொண்ணா கழட்டினார். ரிசர்வ் டேங்க்ல மிச்சம் இருந்த பச்சத் தண்ணிய விரல்ல தொட்டு தேச்சு பாத்தார். "தம்பி, கூலன்ட்னா கைல கொஞ்சம் வழவழன்னு இருக்கணும், இது வெறும் போர் தண்ணி, கலர் போட்டிருக்காங்க"ன்னார். தட்டுல கொஞ்சம் ஊத்தி வெயில்ல வெச்சார், காஞ்சதும் வெள்ள வெள்ளயா உப்பு. எங்க ஊர் போர் தண்ணிய குடிச்சு பாத்தவங்களுக்கு தெரியும், அதுல பருப்பே வேகாது. இதே கோயம்புத்தூர் சிறுவாணி தண்ணியா இருந்தா கூட கொஞ்சம் மன்னிச்சிருப்பேன்.

நிஜ கூலன்ட்னா எத்திலீன் கிளைக்கால், கூட துரு பிடிக்காம இருக்க மருந்து, அத பாதிக்கு பாதி உப்பில்லாத டிஸ்டில்டு வாட்டர்ல கலக்கறது. வெறும் தண்ணிய விட அதிக சூட்டுலதான் கொதிக்கும், உள்ள உப்பு படியாது. கசிஞ்சா ஒரு இனிப்பு வாசம் வரும்னார். அன்னைக்கு மலைல அவ்ளோ புகை வந்தும் அந்த வாசம் துளி கூட இல்லயேன்னு அப்பத்தான் உறைச்சுது. கலர நம்பவே கூடாதுங்க, கம்பெனிக்கு கம்பெனி பச்ச, சிவப்பு, நீலம்னு மாறும், அதுக்குன்னு பொது விதி எதுவும் இல்ல.

அடுத்து தெர்மோஸ்டாட் ஹவுசிங்க திறந்தார். உள்ள ஒண்ணுமே இல்ல. பழசையும் கழட்டிட்டு புதுசும் போடாம மூடியிருக்காங்க, 950 ரூபாய் வாங்கிட்டு. அது இல்லன்னா தண்ணி எந்நேரமும் ரேடியேட்டருக்கு சுத்தும், சமவெளில முள்ளு கீழயே இருக்கும், இன்ஜின் சரியான சூட்டுக்கு வராம டீசல் அதிகம் குடிக்கும். என் 16 மைலேஜுக்கு காரணம் இதுதான். ஆனா என் வண்டி இன்ஜின்ல தெர்மோஸ்டாட்டுக்கு இன்னொரு வேலையும் இருக்காம், சூடான பிறகு பைபாஸ் வழிய அடைக்கறது. அது இல்லாததால மலைல ஃபுல் லோடுல ஏறும்போது ஒரு பங்கு சுடுதண்ணி ரேடியேட்டருக்கே போகாம திரும்ப இன்ஜினுக்குள்ளயே சுத்தியிருக்கு.

வாட்டர் பம்ப் பாத்தா சில்வர் பெயிண்ட் அடிச்சு பளபளன்னு இருந்துச்சு. அவர் ஸ்குரூ டிரைவரால சுரண்டினார், கீழ பழைய துரு. ஷாஃப்ட கையால ஆட்டினா ஆடுது, கசிவு ஓட்டைக்கு கீழ வெள்ளையா கோடு. 3,800 ரூபாய்க்கு பெயிண்ட்! ரேடியேட்டர் டேங்க் விரிசல் மேல எம்-சீல் பூசி கருப்பு அடிச்சிருந்தாங்க. அதுதான் மலைல பிரஷர் தாங்காம பிச்சுகிட்டு மொத்த தண்ணியும் வெளிய போயிருக்கு. ஃபேன் ஒயர் ரிலேவ (ஃபேன தேவைக்கு ஆன், ஆஃப் பண்ற சுவிட்ச்) தாண்டி, ஃபியூஸ் கூட இல்லாம, சாவி லைனுக்கு நேரா கொடுத்திருக்காங்க, தீப்பிடிக்காம போனது என் பசங்க அதிர்ஷ்டம்.

அதாவது அஞ்சு வேலையும் ஒரே ஒரு காரியத்துக்கு, முள்ள கீழ வெச்சு என்கிட்ட காட்டறதுக்கு. திருப்பூருக்குள்ள ஓட்டிட்டு இருந்தா அடுத்த வருஷம் வரைக்கும் கூட எனக்கு தெரிஞ்சிருக்காது.

ஹெட்ட கழட்டி லேத்துல கொடுத்து ஃபேஸிங் பண்ணி (பரப்ப மட்டமாக்கறது), புது கேஸ்கெட், புது ஹெட் போல்ட் (என் இன்ஜின்ல அது ஒரு தடவ முறுக்கினா நீண்டுருமாம், மறுபடி போடக்கூடாதுன்னார்), புது ரேடியேட்டர், பம்ப், தெர்மோஸ்டாட், ஆயில், கூலன்ட் எல்லாம் சேத்து 41,300. ஆயில் மூடிய திறந்தப்போ உள்ள டீ ஆடை மாதிரி பழுப்பா படிஞ்சிருந்துச்சு, தண்ணி ஆயில்ல கலந்ததுக்கு அதுதான் சாட்சி. கழட்டின பாகம் அத்தனையும் ஒரு சாக்குல கட்டி கொடுத்துட்டார், நான் கேக்கவே இல்ல. திருப்பூர்ல நான் செஞ்சிருக்க வேண்டியது இதுதான், வண்டி விடும்போதே "பழைய ஸ்பேர் எனக்கு வேணும், புதுசோட டப்பாவும் வேணும்"னு சொல்லியிருந்தா அந்த ஆளு என்கிட்ட இத பண்ணியிருக்க மாட்டார்.

சாக்கோட அந்த ஒர்க்‌ஷாப்புக்கு போனேன். மொதல்ல "எங்க பசங்க பண்ணியிருக்க மாட்டாங்க"ன்னார். பம்ப டேபிள் மேல வெச்சேன். "நீங்க வெளில வேற யார்கிட்டயோ மாத்திட்டு வந்திருக்கீங்க"ன்னார். சிசிடிவி காட்டுங்கன்னேன், அது 15 நாள்ல அழிஞ்சிருமாம். கடைசில "சார் பழகின கஸ்டமர், ஒரு ஜெனரல் சர்வீஸ் ஃப்ரீயா பண்ணித் தரேன்"னு கேட்டார் பாருங்க. இவர்கிட்ட மறுபடி வண்டிய விடணுமாம்.

பில் இல்லாததுதான் என் பலவீனம். ஆனா ஜிபேல அனுப்பின 13,600 இருக்கு, மஞ்ச சீட்டு இருக்கு, வாட்ஸப்ல "வாட்டர் பம்ப் நியூ ஃபிட்டட் சார்"னு அவரே அனுப்பின மெசேஜ் இருக்கு, பொள்ளாச்சில கழட்டும்போது எடுத்த வீடியோ இருக்கு. 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிஞ்சேன், அவங்க அனுப்பினதுக்கு ஒர்க்‌ஷாப் பதிலே போடல. அதனால மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடறேன். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கிடையாது, சம்பவம் நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

பம்பும் எம்-சீல் பூசின டேங்க்கும் இப்போ எங்க வீட்டு பரண்ல இருக்கு. "ஏங்க, இந்த இரும்ப காயலான் கடைல போட்டுட்டு வாங்க"ன்னு வீட்டம்மா வாரா வாரம் சொல்றாங்க. கேஸ் முடியட்டும்னு சொல்லி வெச்சிருக்கேன்.