உறையூர் இயற்கை அங்காடி: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

திருச்சியில் தில்லைநகர், உறையூர் வட்டாரத்தில் தனியாக இருக்கும் பெரியவர்கள் சிலருக்கு நான் மதியச் சாப்பாடு கட்டிக்கொடுக்கிறேன். பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு ரத்தக்கொதிப்பு. அவர்கள் வயிற்றுக்குள் போவதற்கு நான் பொறுப்பு. அதே சமயம் ஒரு சாப்பாட்டுக்கு அவர்களால் கொடுக்க முடிந்ததும் ஓரளவுதான். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் இயற்கை அங்காடியில் அரிசி, எண்ணெய், வெல்லம் வாங்குகிறேன். அங்கே கூடுதலாகக் கொடுக்கும் காசுக்குப் பலன் இருக்கிறதா என்று காந்தி மார்க்கெட்டோடும் சூப்பர் மார்க்கெட்டோடும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கடைக்குப் போக முதல் காரணம் கடலை எண்ணெய். கடைக்குப் பின்னாலேயே வாகை மரச் செக்கு ஓடுகிறது. லிட்டர் 300 ரூபாய். சூப்பர் மார்க்கெட்டில் ரீஃபைண்டு சூரியகாந்தி எண்ணெய் 160க்குக் கிடைக்கும்போது இது என்ன விலை என்று மலைப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். செக்கில் ஒரு லிட்டர் எண்ணெய் எடுக்க நிலக்கடலைப் பருப்பு இரண்டரைக் கிலோவாவது வேண்டும். பருப்பு கிலோ 120 என்றாலே 300 ஆகிவிட்டது. ஆட்டும் கூலி, கரண்ட், லாபம் எல்லாம் புண்ணாக்கு விற்பதில்தான் வர வேண்டும். லிட்டர் 200க்குச் செக்கெண்ணெய் என்று யாராவது கொடுத்தால், அதில் வேறு எண்ணெய் சேர்ந்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ரீஃபைண்டு எண்ணெய் வரும் வழி வேறு. இயந்திரத்தில் பிழிந்தது போகப் புண்ணாக்கில் தங்கும் எண்ணெயையும் ஹெக்சேன் என்ற கரைப்பானை ஊற்றி எடுத்துவிடுவார்கள். பிறகு காரம் சேர்த்து அமிலத்தை நீக்கி, களிமண் தூள் போட்டு நிறத்தை வெளுத்து, 200 டிகிரிக்கு மேல் நீராவி விட்டு வாசனையையும் போக்குவார்கள். கடைசியில் எந்த விதையின் எண்ணெய் என்று மூக்குக்குத் தெரியாது. அது விஷம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை நான் நம்புவதில்லை. ஆனால் அத்தனை சூட்டில் வைட்டமின் ஈயில் ஒரு பங்கு போய்விடுகிறது, ருசி முழுவதும் போய்விடுகிறது. செக்கெண்ணெயில் தாளித்தால் ஒரு கரண்டியிலேயே வீடு மணக்கும். அதனால் என் சமையலில் எண்ணெயின் அளவே குறைந்திருக்கிறது. அப்பளம், வடை பொரிக்க மட்டும் இது சரிப்படாது, நுரை பொங்கும். வெயிலில் வைத்துத் தெளிந்த எண்ணெயா என்று கேட்டு வாங்குங்கள். மண்டி தங்கிய எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும்.

செக்கில் ஆட்டியது என்பதாலேயே அது இயற்கை விவசாயத்தில் விளைந்த கடலை ஆகிவிடாது. இரண்டையும் ஒன்றாகப் பேசித்தான் பல கடைகள் விற்கின்றன. இந்தக் கடைத் தம்பி அப்படிச் செய்வதில்லை. ஒரு முறை நான் கேனை நீட்டியதும், "அக்கா, இந்தத் தடவை நம்ம விவசாயிகிட்ட கடலை முடிஞ்சிருச்சு. இது மார்க்கெட் கடலை, விலை கம்மி. பரவாயில்லையா?" என்று அவராகவே சொன்னார். கடை மீது எனக்கு நம்பிக்கை வந்தது அன்றுதான்.

அரிசியும் கொடுக்கிற காசுக்குத் தகும். தூயமல்லி கிலோ 105, மாப்பிள்ளைச் சம்பா 110, கருப்புக் கவுனி 190. மளிகைக்கடைப் பொன்னி 65. இந்தக் கடை அரிசி எல்லாம் திருத்துறைப்பூண்டி பக்கத்து விவசாயிகளிடமிருந்து வருகிறது. அந்த மண்ணில்தான் நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 174 பாரம்பரிய ரகங்களை மீட்டு, 2018இல் நம்மை விட்டுப் போனார். இந்த ரகங்களை நான் நம்புவதற்கு இயற்கை முத்திரையைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மாப்பிள்ளைச் சம்பா ஆளுயரம் வளரும் பயிர். யூரியாவை அள்ளிப் போட்டால் இன்னும் உயர்ந்து, கதிர் பிடிக்கும் நேரத்தில் சாய்ந்துவிடும். உரத்தைக் குறைத்துப் போடுவதில் விவசாயிக்கே ஆதாயம் இருக்கிறது.

என் பெரியவர்களுக்கு மாப்பிள்ளைச் சம்பாவைச் சோறாகக் கொடுக்க முடியவில்லை, மெல்ல முடியாது. முதல் நாள் இரவே ஊறவைத்து, குருணையாக உடைத்துக் கஞ்சி வைத்தால் விரும்பிக் குடிக்கிறார்கள். தினச் சோற்றுக்குத் தூயமல்லிதான். பட்டை தீட்டிய பொன்னியில் தவிட்டோடு பி1 வைட்டமினும் நார்ச்சத்தும் போய்விடுகின்றன. இங்கே ஒரே ஒரு தீட்டு மட்டும் தீட்டிய அரிசி கிடைக்கிறது. தவிடு ஒட்டியிருப்பதால் வண்டு வரும், அது குறையில்லை. மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, டப்பாவில் இரண்டு துண்டு வசம்பு போட்டு வையுங்கள். கவுனி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். அதைக் கிழித்துவிட வேண்டும். கவுனியும் அரிசிதான். அளவு மீறினால் ஏறும், என் வாடிக்கைக்காரர்களின் சர்க்கரை அளவிலேயே அதைப் பார்த்திருக்கிறேன்.

உருண்டை வெல்லம் கறுத்த பழுப்பு நிறத்தில் இருக்கிறது, கிலோ 95. பொங்கலுக்கு மார்க்கெட்டில் பளபளவென்று மஞ்சளாக வருகிறதே, அது பெரும்பாலும் ஹைட்ரோஸ் என்ற கந்தக ரசாயனம் போட்டு வெளுத்தது. வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. கண்ணால் அளக்க முடியாத நமக்குக் கறுத்த வெல்லமே பாதுகாப்பு.

காய்கறியில் எல்லாவற்றையும் இங்கே வாங்க மாட்டேன். கத்தரிக்காய், காலிஃபிளவர், கறிவேப்பிலை, கொத்தமல்லி, கீரை இவற்றுக்கு மட்டும் கூடுதல் விலை கொடுக்கிறேன். கத்தரியில் தண்டுத் துளைப்பான் வந்தால் விவசாயி எத்தனை முறை மருந்தடிப்பார் என்பது எனக்குத் தெரியும். லால்குடிப் பக்கம் எங்கள் அப்பாவுக்குக் கத்தரித் தோட்டம் இருந்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, முகத்தில் துண்டு மட்டும் சுற்றி, முதுகில் டாங்கியோடு மோனோ அடிப்பார். மோனோகுரோட்டபாஸ்தான் அது, காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று பிறகு தடை வந்தது. சாயங்காலம் கண் எரிகிறது, தலை சுற்றுகிறது என்று திண்ணையில் படுத்துவிடுவார். இயற்கைக் காய் வாங்குவது நம் உடம்புக்காக என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். அதைத் தெளிக்கிற உடம்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிது. சேனை, வாழைக்காய், வாழைத்தண்டு, பூசணி எல்லாம் காந்தி மார்க்கெட்டிலேயே வாங்கிக் கழுவிச் சமைக்கிறேன்.

இயற்கைக் காயில் சத்து இரண்டு மடங்கு என்று சொல்பவர்களும் உண்டு. சத்துணவியல் படித்த என் மகள் ஆய்வுகளைப் பார்த்துச் சொன்னது வேறு. 2012இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வைட்டமின்களில் பெரிய வித்தியாசம் காணவில்லை. 2014இல் நியூகாசில் குழு 343 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சாதாரண விளைபொருளில் பூச்சிமருந்து எச்சம் நாலு மடங்கு அதிக முறை தென்பட்டது, இயற்கை விளைபொருளில் காட்மியம் என்ற நச்சு உலோகம் குறைவாக இருந்தது. எச்சம் குறைவு என்பதற்காக நான் காசு கொடுக்கிறேன்.

இங்கேதான் கடையிடம் ஒரு குறை. அரிசி, பருப்புக்குச் சான்றிதழ் கேட்டால் எடுத்துக் காட்டுகிறார்கள். பாக்கெட்டில் இயற்கை உணவுக்கான அரசு முத்திரையான ஜைவிக் பாரத் இருக்கிறது. காய்கறிக்கு ஊர் பெயர் எழுதிய நோட்டு மட்டும்தான். இயற்கை உணவு பற்றிய மத்திய அரசின் 2017 விதிகளின்படி சிறு விவசாயி தானே நேரடியாக விற்றால் சான்றிதழ் தேவையில்லை. அவரிடம் வாங்கிக் கடை விற்கும்போது அந்தச் சலுகையைக் கடை எடுத்துக்கொள்ள முடியாது. பக்கத்து ஊர் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் நிலத்தை ஒருவர் சோதித்துச் சான்று பெறும் பிஜிஎஸ் முறை இருக்கிறது, செலவும் குறைவு. தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், அவர் இதை முடித்தே ஆக வேண்டும்.

கல்லாவுக்கு எதிரே உள்ள அலமாரியை அப்படியே தாண்டிப் போய்விடுங்கள். சிறுதானிய நூடுல்ஸ், நாட்டுச் சர்க்கரை பிஸ்கட், கேழ்வரகு சிப்ஸ், குதிரைவாலி குக்கீஸ். கடையில் லாபம் இருப்பது அங்கேதான், கூட்டமும் அங்கேதான். தினை நூடுல்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: முதலில் கோதுமை மாவு, தினை ஐந்தில் ஒரு பங்கு, மசாலாப் பொட்டலத்தில் உப்பு கொட்டிக் கிடக்கிறது. பிஸ்கட்டில் நாட்டுச் சர்க்கரையும் பாமாயிலும். நாட்டுச் சர்க்கரையிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், உடம்புக்குள் போனால் சீனி செய்வதையே செய்யும். என்னிடம் சாப்பிடும் ஒரு ஐயா, இயற்கை பிஸ்கட்தானே என்று தினமும் டீயோடு நாலைந்து தின்று, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஏறி டாக்டரிடம் பேச்சு வாங்கினார். பென்ஷன் காசில் வாங்கித் தின்றது அது. எனக்கு மனசே ஆறவில்லை.

2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சமைத்த எளிய உணவும் கொடுத்துப் பார்த்தது. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பாக்கெட் உணவு தின்ற வாரங்களில் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, எடை ஏறக்குறைய ஒரு கிலோ கூடியது. இயற்கை என்ற முத்திரை அந்தப் பாக்கெட்டுக்கு வந்துவிட்டால் மட்டும் அது மாறிவிடுமா? கையில் 200 ரூபாய்தான் இருக்கிறது என்றால் இந்த அலமாரியில் செலவழிக்காதீர்கள். காந்தி மார்க்கெட்டில் மருந்தடித்த காயாகவே இருந்தாலும் வாங்கி, நன்றாகக் கழுவி, வீட்டில் கூட்டும் ரசமும் வையுங்கள். மிச்சமிருந்தால் கால் லிட்டர் செக்கெண்ணெய்.

சொந்தத் தூக்கு கொண்டுபோனால் எண்ணெயில் பாட்டில் காசைக் கழித்துக்கொள்கிறார்கள். காய்கறி வருவது செவ்வாயும் வெள்ளியும். கீரை காலை ஒன்பதுக்குள் தீர்ந்துவிடும். துவரம்பருப்பு கிலோ 210, வேக நேரமாகிறது, முன்கூட்டியே ஊறவையுங்கள்.